21 பதிவேற்றங்கள் போதுமா?

கேள்வி: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மூன்று பொதிகளை (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளை) இரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒன்று, வரைபடத் தரவுகளைப் படிக்கும் சி மொழி நிரலகம். மற்ற இரண்டும் அதை ஒட்டிய கட்டளைவரிக் கருவியும் பைத்தான் இணைப்பும். மூன்றும் சமூகத்தினர் பராமரிக்கும் யூனிவர்ஸ் பிரிவில் உள்ளன, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்திலும் இருக்கின்றன. எனக்குப் பதிவேற்ற உரிமை இல்லாததால், நான் தயாரிப்பதை ஸ்பான்சர் ஒருவர் சரிபார்த்துத் தம் கையொப்பத்துடன் ஏற்றுகிறார். இதுவரை 21 முறை அப்படி நடந்திருக்கிறது. அவற்றில் 16 ஒரே ஸ்பான்சர் வழியாக. சில சமயம் இரண்டு மூன்று வாரங்கள் காத்திருக்க நேர்கிறது. ‘இனி நீங்களே ஏற்றலாம், உரிமைக்கு விண்ணப்பியுங்கள்’ என்று அவரே சொல்லிவிட்டார். 21 போதுமா? இந்த மூன்று பொதிகளுக்கு மட்டும் கேட்பதா, யூனிவர்ஸ் முழுவதற்குமான மோட்டு உரிமையையே கேட்பதா? சென்ற ஆண்டு நிரலகத்தின் புதிய பதிப்பைத் தயாரித்தபோது அதன் பைனரி இடைமுகம் (தொகுக்கப்பட்ட நிரல்கள் அதனுடன் பேசும் முறை) மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை, ஸ்பான்சரும் கவனிக்கவில்லை. அதைச் சார்ந்திருந்த வேறு இரண்டு நிரல்கள் திறந்தவுடனேயே முறிந்து விழுந்தன. இதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா? கடைசியாக, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் ஆங்கிலத்தில் உடனுக்குடன் பதில் எழுதுவதை நினைத்தாலே தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடைகளில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிழையை மறைக்க வேண்டாம். மறைக்கவும் முடியாது. உபுண்டுவின் உருவாக்கத் தளமான லாஞ்ச்பேடில் ஒவ்வொரு பதிவேற்றமும், அதன் சேஞ்ச்லாக் (மாற்றக் குறிப்பு) வரிகளும், அதைத் தொடர்ந்து வந்த வழு அறிக்கைகளும் எவரும் பார்க்கும்படி அப்படியே இருக்கின்றன. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் டெவலப்பர் மெம்பர்ஷிப் போர்டின் ஏழு உறுப்பினர்களில் ஒருவராவது உங்கள் பொதிகளின் வரலாற்றைத் திறந்து பார்ப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் தாமாகக் கண்டுபிடிக்கும் பிழைக்கும் நீங்களே எடுத்துச் சொல்லும் பிழைக்கும் இடையிலுள்ள தூரம் மிக அதிகம்.

விண்ணப்பப் படிவத்திலேயே இதற்கென ஓர் இடம் இருக்கிறது. நான் யார், உபுண்டுவுக்கு எப்படி வந்தேன், என்ன செய்திருக்கிறேன் என்ற தலைப்புகளுக்குப் பிறகு ‘இன்னும் சிறப்பாகச் செய்யக்கூடியவை’ என்ற பொருளில் ஒரு தலைப்பு வரும். பெரும்பாலானோர் அதன் கீழ் ‘ஆவணங்களை இன்னும் அதிகம் எழுத வேண்டும்’ என்பதைப் போன்ற, யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு வரியை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அங்கே அந்தப் பதிவேற்றத்தின் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, என்ன உடைந்தது, யார் முதலில் அறிவித்தார், திருத்தம் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது, அதன் பிறகு உங்கள் வேலைமுறையில் எதை மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். கடைசிக் கூறுதான் முக்கியம். ‘இனி கவனமாக இருப்பேன்’ என்பதை ஒரு மாற்றமாக யாரும் ஏற்க மாட்டார்கள், ஏனென்றால் அன்றும் நீங்கள் கவனமாகத்தான் இருந்திருப்பீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு அந்தப் பிழை எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பொதுவான ஹெடர் கோப்பில் உள்ள ஒரு ஸ்ட்ரக்டின் (பல தரவுகளைச் சேர்த்துவைக்கும் அமைப்பின்) நடுவில் அப்ஸ்ட்ரீம், அதாவது நிரலகத்தை எழுதும் மூலத் திட்டம், ஒரு புதிய உறுப்பைச் சேர்த்திருக்கும். ஆனால் இடைமுகம் மாறும்போது மாற வேண்டிய, நிரலகத்தின் எஸ்ஓ பெயரை உயர்த்தியிருக்காது. பழைய அளவை நம்பித் தொகுக்கப்பட்ட நிரல்கள் புதிய நிரலகத்தோடு ஓடும்போது நினைவகத்தின் தவறான இடத்தைத் தொட்டிருக்கும். பொதியின் சிம்பல்ஸ் கோப்பு இதைக் காட்டிக்கொடுத்திருக்காது, ஏனெனில் அதில் வெளியே தெரியும் செயற்கூறுகள், மாறிகள் ஆகியவற்றின் பெயர்கள்தாம் பதிவாகின்றனவே தவிர, ஒரு ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பு பதிவாவதில்லை. பெயர் ஒன்றும் காணாமல் போகாதவரை கட்டமைப்பும் (பில்டும்) குறையின்றி முடிந்துவிடும், பொதிகளில் பிழை தேடும் லின்டியன் கருவியும் வாய் திறக்காது. அதனால்தான் உங்கள் ஸ்பான்சரும் கவனிக்கவில்லை. இதைப் பிடிக்க வேண்டுமானால், பழைய பைனரியையும் புதிய பைனரியையும் அபிடிஃப் போன்ற கருவியில் கொடுத்து ஒப்பிட வேண்டும். நிரலகத்தின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதைச் செய்ய வேண்டும். இந்த ஊகம் சரியென்றால், அந்த ஒப்பீட்டை இப்போது வழக்கமாகவே செய்கிறேன் என்று எழுத முடிவதே உங்கள் விண்ணப்பத்தின் மிக வலுவான பத்தியாக அமையும்.

அதோடு நிற்காமல் இன்னொன்றையும் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். உபுண்டுவில் நீங்கள் ஏற்றுவது நேராகப் பயனரிடம் போவதில்லை. முதலில் ப்ரொபோஸ்டு என்ற இடைநிலையில் தங்கி, அதைச் சார்ந்திருக்கும் பொதிகளின் ஆட்டோபிகேஜிடெஸ்ட் என்னும் தானியங்கிச் சோதனைகள் தேறிய பிறகே வெளியீட்டுக்குள் நுழைகிறது. உடைந்த அந்த இரண்டு நிரல்களுக்கும் அத்தகைய சோதனை இருந்திருந்தால், உங்கள் நிரலகம் ப்ரொபோஸ்டிலேயே நின்றிருக்கும். ஒரு பயனர்கூடப் பாதிக்கப்பட்டிருக்க மாட்டார். ஆகவே அந்த இரண்டுக்கும் ஒரு சிறிய சோதனையை எழுதி, அவற்றின் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். நிரலைத் திறந்து, ஒரு சிறு தரவுக் கோப்பைப் படிக்கச் செய்து, வெளியீட்டை ஒப்பிடும் பத்து வரி போதும். பிறர் பொதியில், உங்கள் பிழையின் வடு இருந்த இடத்தில், நீங்களே வைத்த காவல் அது. எனக்கு ஓட்டு இருந்தால் அந்த ஒரு பேட்ச்சுக்காகவே (திருத்தத்துக்காகவே) போடுவேன்.

போர்டு இதில் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறது என்பதைப் பதிவேற்றத்தின் இயல்பிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஏற்றியதைத் திரும்பப் பெற முடியாது. ஒரு பதிப்பு எண் ஒருமுறை களஞ்சியத்துக்குள் போய்விட்டால், அதே எண்ணில் வேறு உள்ளடக்கத்தை அது ஏற்றுக்கொள்ளாது. திருத்தம் எப்போதும் அதைவிட உயர்ந்த எண்ணாகவே வர வேண்டும். 2.0 ஐத் தவறாக ஏற்றிவிட்டு 1.9 க்குத் திரும்ப நினைப்பவர், 2.0 க்குப் பின்னால் கூட்டல் குறியும் ‘ரியலி’ என்ற ஆங்கிலச் சொல்லும் 1.9 உம் சேர்த்து, பார்த்தாலே சங்கடம் தரும் ஓர் எண்ணை உருவாக்க வேண்டியிருக்கும். நானும் ஒருமுறை அப்படி ஓர் எண்ணைச் சேஞ்ச்லாக்கில் எழுதியிருக்கிறேன். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இன்னும் பெரிய சான்று ஒன்று உண்டு. 2006 இல், இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற டெபியன் பொதியில், நினைவகச் சோதனைக் கருவி தந்த எச்சரிக்கையை அடக்குவதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டன. அதைச் செய்தவர் அப்ஸ்ட்ரீமின் அஞ்சல் பட்டியலில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். ஆனால் நீக்கப்பட்ட வரிகளில் ஒன்று, சமவாய்ப்பு எண் உருவாக்கியின் உயிர்நாடியாக இருந்தது. விளைவாக, உருவாகும் சாவிகளுக்கு வேறுபாடு தரும் ஒரே மூலமாக நிரலின் செயல்முறை எண் மட்டுமே எஞ்சியது. அதற்கு 32,768 மதிப்புகளே சாத்தியம், அதாவது சாவிகளை ஊகித்துவிடலாம். 2008 மே 13 அன்று வெளியே தெரியும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் அந்தப் பொதி உபுண்டு உள்ளிட்ட வழித்தோன்றல் வெளியீடுகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. திறமையிலும் நல்லெண்ணத்திலும் குறைவில்லாத ஒருவரின் கையால், கேட்டுச் செய்யப்பட்ட மாற்றம் அது. பதிவேற்ற உரிமை கேட்பவரிடம் போர்டு தேடுவது எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான்: தனக்கு முழுதும் விளங்காத இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதை இவர் உணர்வாரா, உணர்ந்தால் கையை எடுத்துக்கொண்டு வேறொருவரை அழைப்பாரா? பொதியாக்க நுணுக்கங்களை ஆவணங்களில் படித்துக்கொள்ளலாம். இது பழகிய வேலையில் மட்டுமே தெரியும்.

இப்போது 21 என்ற எண்ணுக்கு வருகிறேன். இத்தனை பதிவேற்றங்கள் வேண்டும் என்று அளவுகோல் எதுவும் இல்லை. 21 இல் பதினெட்டு, அப்ஸ்ட்ரீம் வெளியிட்ட புதிய பதிப்பை அப்படியே கொண்டுவந்த வேலையாக இருந்தால் அது குறைவு. அவற்றுக்குள் வழுத் திருத்தம், டெபியனோடு இணைப்பு, ஏற்கெனவே வெளிவந்துவிட்ட நிலை வெளியீட்டுக்கான திருத்தம் எனக் கலந்திருந்தால் அது தாராளம். எண்ணிக்கையைவிட முக்கியமானது அதன் போக்கு. ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, 21 க்குமான வழுப் பக்கங்களைத் திறந்து, ஸ்பான்சர் என்னென்ன திருத்தச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் ஐந்தில் காப்பிரைட் கோப்பில் விடுபட்டவை, தவறான பதிப்பு எண், விளக்கமில்லாத பேட்ச் எனப் பல இருக்கும். கடைசி ஐந்தில் ‘ஏற்றிவிட்டேன், நன்றி’ என்பதைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் நீங்கள் தயார். அப்படி இல்லாமல், ஒரே வகைத் திருத்தம் பத்தாவதிலும் பத்தொன்பதாவதிலும் வந்திருந்தால், மூன்று மாதம் பொறுத்திருப்பது நல்லது; ஸ்பான்சர் சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம். அவர் உங்கள் பொதிகளைத் தம் வேலைப்பட்டியலிலிருந்து இறக்கிவைக்க விரும்பியும் சொல்லியிருக்கலாம். அதில் தவறில்லை, எல்லா ஸ்பான்சர்களுக்கும் அந்த ஆசை உண்டு.

உரிமையின் அளவு குறித்து எனக்கு ஐயமே இல்லை: மூன்று பொதிகளுக்கு மட்டும் கேளுங்கள். மோட்டு உரிமை என்பது யூனிவர்ஸ், மல்டிவர்ஸ் ஆகிய பிரிவுகளின் ஆயிரக்கணக்கான பொதிகளுக்குப் பொறுப்பேற்பது. நீங்கள் தொட்டே பார்த்திராத மொழிகளின் பொதிகளையும், பல பொதிகளை ஒருசேரப் புரட்டிப்போடும் டிரான்சிஷன்களையும் கையாள்வீர்கள் என்று போர்டு நம்ப வேண்டும், அந்த நம்பிக்கைக்கு உங்கள் 21 பதிவேற்றங்களில் ஆதாரம் இல்லை. பெர்-பேக்கேஜ் அப்லோடர் என்ற குறுகிய உரிமைக்கோ, நீங்கள் இரண்டாண்டு செய்த வேலையே முழுச் சான்று. குறுகிய உரிமையைக் கேட்பது தாழ்வு என்று சிலர் நினைக்கிறார்கள். தன் வேலையின் எல்லையைத் தானே சரியாக வரைந்து காட்டும் விண்ணப்பம் போர்டுக்கு எவ்வளவு ஆறுதலான காட்சி என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பரந்த உரிமையைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆனால் குறுகிய உரிமை எதைத் தராது என்பதை இப்போதே அறிந்துகொள்ளுங்கள், கூட்டத்தில் கேட்கப்படவும் வாய்ப்புண்டு. உரிமை மூலப்பொதியின் (மூல நிரலைக் கொண்ட பொதியின்) பெயரோடு கட்டப்பட்டது. சென்ற ஆண்டின் அந்த மாற்றத்தை நீங்கள் முறைப்படி செய்திருந்தால், எஸ்ஓ பெயரை உயர்த்த அப்ஸ்ட்ரீமிடம் கேட்டு, மூலப்பொதியிலிருந்து உருவாகும் பைனரிப் பொதியின் பெயரையும் மாற்றியிருப்பீர்கள். புதிய பெயர் என்பதால் அது நியூ வரிசையில் களஞ்சிய நிர்வாகிகளின் பார்வைக்குப் போயிருக்கும். அதன்பின் சார்ந்திருக்கும் இரண்டு நிரல்களையும் மறுபடி கட்டமைக்க, மாற்றமே இல்லாத ஒரு பதிவேற்றம் ஒவ்வொன்றுக்கும் தேவைப்பட்டிருக்கும். அந்த இரண்டையும் ஏற்ற உங்களுக்கு உரிமை இராது. ஆகவே நிரலகத்தை நீங்கள் ஏற்றும் முன்பே, மற்ற இரண்டையும் ஏற்ற ஒருவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ப்ரொபோஸ்டில் சிக்கி நிற்கும். அந்த இரண்டையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். அவற்றில் உங்கள் வேலை ஏதும் இல்லாதவரை வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மூன்று பொதிகளும் டெபியனில் இருக்கும்போது, உங்கள் காத்திருப்பின் பெரும்பகுதி தேவையற்றது என்று நினைக்கிறேன். உபுண்டுவுக்கென்று தனி மாற்றம் இல்லாத பொதி, டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிளில் புதுப்பிக்கப்பட்டால், ஒவ்வொரு வெளியீட்டுச் சுழற்சியிலும் டெபியன் இம்போர்ட் ஃப்ரீஸ் (இறக்குமதி நிறுத்தம்) தொடங்கும்வரை தானாகவே உபுண்டுவுக்கு வந்துசேர்கிறது. பதிப்பு எண்ணில் ‘உபுண்டு’ என்ற சொல் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தத் தானியங்கி அதைத் தொடாது. அதன்பின் ஒவ்வொரு முறையும் யாராவது கையால் இணைக்க வேண்டும். உங்கள் 21 இல் எத்தனை, டெபியனுக்கு அனுப்பியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும் என்று பாருங்கள். இப்போது உங்கள் பொதிகள் சுமந்துகொண்டிருக்கும் தனி மாற்றங்களில் டெபியனுக்குப் போகக்கூடியவற்றை, பொதி குழுப் பராமரிப்பில் இருந்தால் டெபியனின் நிரல் தளமான சால்சாவில் மெர்ஜ் ரிக்வெஸ்ட்டாகவும் (இணைப்புக் கோரிக்கையாகவும்), தனி ஒருவரிடம் இருந்தால் வழு அறிக்கையோடு இணைத்த பேட்ச்சாகவும் அனுப்பிவிடுங்கள். தேவையில்லாத தனி மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவரை போர்டு விரும்பாது, ‘ஏன் டெபியனுக்கு அனுப்பவில்லை?’ என்ற கேள்வி ஏறக்குறைய உறுதியாக வரும்.

டெபியனிலும் இதற்கு இணையான ஒரு படி இருக்கிறது. 2007 இல் டெவலப்பர்களின் பொது வாக்கெடுப்பு ஒன்றின் வழியாக டெபியன் மெயின்டெய்னர் என்ற நிலை ஏற்பட்டது. முழு டெவலப்பராக இல்லாதவர், குறிப்பிட்ட பொதிகளை மட்டும் தாமே ஏற்ற அது வழிசெய்கிறது. அதற்கு உங்கள் ஓபன்பிஜிபி சாவியில் (மின்னணுக் கையொப்பச் சாவியில்) டெபியன் டெவலப்பர் கையொப்பம் வேண்டும், உங்களைப் பரிந்துரைக்க ஒருவர் வேண்டும், சமூக ஒப்பந்தத்தையும் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளையும் ஏற்பதாக எழுத வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு டெவலப்பர் தனித்தனியாக அனுமதி தருவார். நியூ வரிசைக்குப் போகும் எதையும் அந்த நிலையில் ஏற்ற முடியாது. எஸ்ஓ பெயர் மாறும் நாளில் அங்கேயும் உங்களுக்கு ஸ்பான்சர் தேவை என்று இதற்குப் பொருள். இரண்டு உரிமைகளையும் தேடுவதில் முரண் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உங்கள் நிலையில் நான் முதலில் டெபியனைத் தேர்ந்தெடுப்பேன். உபுண்டுவின் உரிமை இம்போர்ட் ஃப்ரீஸுக்குப் பிறகான வாரங்களிலும், வெளிவந்துவிட்ட வெளியீடுகளைத் திருத்தும்போதும்தான் உங்களுக்கு உண்மையில் பயன்படும்.

அந்த இரண்டு சூழல்களையும் நீங்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும். உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவருகிறது; அதற்குச் சுமார் இரண்டு மாதம் முன் ஃபீச்சர் ஃப்ரீஸ் தொடங்குகிறது. அதன் பிறகு புதிய அம்சங்களோடு ஒரு பதிப்பைக் கொண்டுவர, பதிவேற்ற உரிமை இருந்தாலும், வெளியீட்டுக் குழுவிடம் விலக்கு கேட்டுப் பெற வேண்டும். நிலை வெளியீட்டுத் திருத்தம் இன்னும் கட்டுப்பாடானது. வழு அறிக்கையில் பயனருக்கு என்ன பாதிப்பு, எப்படிச் சோதிப்பது, எங்கே சிக்கல் வரக்கூடும் என்ற மூன்றையும் எழுத வேண்டும்; இத்தகைய திருத்தங்களைப் பரிசீலிக்கும் எஸ்ஆர்யூ குழு ஏற்ற பிறகே ப்ரொபோஸ்டுக்குப் போகும்; அங்கே குறைந்தது ஏழு நாள் தங்கிச் சோதிக்கப்பட்ட பிறகே பயனரை அடையும். மூன்றாவது தலைப்பின் கீழ் ‘எதுவும் வராது’ என்று எழுதுபவர்களை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுதப்பட்டது வழக்கமாகப் பொய்யல்ல, யோசிக்கப்படாதது என்பதுதான் அதில் குறை. உங்கள் 21 இல் ஒரு நிலை வெளியீட்டுத் திருத்தமும் இல்லையென்றால், விண்ணப்பிக்கும் முன் ஒன்றையாவது ஸ்பான்சர் வழியாகத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுசெல்லுங்கள்.

16 பதிவேற்றங்கள் ஒரே ஸ்பான்சர் வழியாக நடந்திருப்பது குற்றமல்ல. அவருடைய பரிந்துரை ஆழமாக இருக்கும். ஆனால் போர்டுக்கு இரண்டாவது ஜோடிக் கண்கள் வேண்டும். அடுத்த சில பதிவேற்றங்களைத் தனிப்பட்ட முறையில் அவரிடம் கேட்காமல், ஸ்பான்சர்கள் குழுவை வழுவில் சேர்த்துப் பொது வரிசையிலேயே விடுங்கள். யார் எடுக்கிறாரோ எடுக்கட்டும். மற்ற ஐந்தைச் செய்தவர்களிடமும் பரிந்துரை கேளுங்கள். பரிந்துரைப் படிவத்திலும் ‘மேம்பட வேண்டியவை’ என்ற ஒரு பகுதி உண்டு. அதை வெறுமையாக விடாமல் நேர்மையாக நிரப்புமாறு உங்கள் ஸ்பான்சரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், சென்ற ஆண்டின் உடைப்பை அவரும் எழுதட்டும். அது அவருடைய பிழையும்கூட.

2024 மார்ச் 29 க்குப் பிறகு இந்த விஷயங்கள் சற்று மாறியிருக்கின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருப்பதை, எஸ்எஸ்ஹெச் வழியே தொலைக் கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதை வைத்துப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் கண்டுபிடித்து அன்று அறிவித்தார். அதைப் புகுத்திய பெயர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பேட்ச்கள் அனுப்பி, நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டு உரிமையை அடைந்த பெயர். அதே பெயரிலிருந்து, பின்கதவு உள்ள பதிப்பை உபுண்டுவுக்குக் கொண்டுவருமாறு கோரிக்கையும் பதிவாகியிருந்தது. அதனால் உபுண்டு 24.04 இன் பீட்டா வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. பாதிப்பு இருந்திருக்கக்கூடிய காலத்தில் கட்டமைக்கப்பட்டவை எல்லாம் மறுபடி கட்டமைக்கப்பட்டன.

இரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறேன் என்பதே முழுச் சான்றாகாத நிலையை அந்த நிகழ்ச்சி உண்டாக்கிவிட்டது, உங்களைப் போன்ற நேர்மையானவர்களுக்கு அது அநியாயமாகத் தோன்றினால் வியப்பில்லை. நடைமுறையில் உங்களுக்கு இதிலிருந்து வரும் அறிவுரைகள் இரண்டுதான். அவசரப்படுத்தாதீர்கள்: ‘இரண்டு வாரமாகக் காத்திருக்கிறேன்’ என்று வழுப் பக்கத்தில் மீண்டும் மீண்டும் எழுதுவது, அந்த விவகாரத்தில் பழைய பராமரிப்பாளருக்குத் தரப்பட்ட அழுத்தத்தை இப்போது எல்லோருக்கும் நினைவூட்டுகிறது. அடுத்தது, அந்தப் பின்கதவைக் கட்டமைப்புக்குள் இழுத்துவந்த வரிகள் கிட் களஞ்சியத்தில் (எவரும் பார்க்கும் மூல நிரல் வரலாற்றில்) இல்லை, வெளியீட்டுத் தார் கோப்பில் (சுருக்கிய மூலத் தொகுப்பில்) மட்டுமே இருந்தன. ஆகவே அப்ஸ்ட்ரீம் தரும் தார் கோப்பைக் கிட் குறிச்சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். உரிமை வந்த நாளிலிருந்து உங்கள் ஓபன்பிஜிபி சாவியும் அந்த மூன்று பொதிகளின் சாவியாகிவிடும். லாஞ்ச்பேட் கணக்குக்கு இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பை வைத்து, சாவியைச் செல்லாததாக்கும் ரத்துச் சான்றிதழை இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில் பாதுகாத்து வையுங்கள்.

கூட்டத்தைப் பற்றிய அச்சத்தை ஓரளவு தணிக்க முடியும். அது வாய்மொழித் தேர்வு அல்ல. எழுத்து வழி அரட்டை. அங்கே இருப்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ‘யோசித்துச் சொல்கிறேன், இரண்டு நிமிடம் கொடுங்கள்’ என்று எழுதுவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆவணத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொன்னாலும் சரியே, பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும். கேள்விகளின் வகையும் ஓரளவு ஊகிக்கக்கூடியதே. உதாரணமாக, நிலை வெளியீட்டில் 1.4-2 என்று இருக்கும் பொதிக்குத் திருத்தம் ஏற்ற என்ன எண் கொடுப்பீர்கள் என்று கேட்கலாம். 1.4-2உபுண்டு0.1 என்பது விடை. அடுத்த வெளியீட்டில் 1.4-2உபுண்டு1 இருந்தால் மேம்படுத்தும்போது எண் பின்னோக்கிப் போய்விடக் கூடாது என்பது அதன் காரணம். காரணத்தையும் சேர்த்துச் சொல்பவர் எண்ணைச் சற்றுத் தவறாகச் சொன்னாலும் தப்பிவிடுகிறார். பிரேக்ஸ், கான்ஃப்ளிக்ட்ஸ், ரீப்ளேசஸ் ஆகிய பொதி உறவுகளின் வேறுபாட்டையும், ப்ரொபோஸ்டில் பொதி சிக்கினால் எங்கே பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லத் தெரிந்திருங்கள். தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியாது; இன்னாரிடம் கேட்பேன், அதுவரை ஏற்ற மாட்டேன்’ என்று எழுதுங்கள். சுற்றி வளைத்து எழுதப்படும் மூன்று வரி ஊகத்தைவிட அதற்கு அதிக ஓட்டு கிடைக்கும்.

ஓட்டுகள் கூட்டல் ஒன்று, பூஜ்யம், கழித்தல் ஒன்று என்று விழும். கழித்தல் விழுந்தால் அதற்குக் காரணமும் கேளுங்கள். பெரும்பாலும் ‘இந்த வகை வேலை இன்னும் இரண்டு மூன்று செய்துவிட்டு வாருங்கள்’ என்பதாகவே இருக்கும், அது அடுத்த விண்ணப்பத்துக்கான தெளிவான பட்டியல். என் கணக்கில் நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இப்படி வருகிறது: முதலில் அந்த இரண்டு நிரல்களுக்கான சோதனைகள், அடுத்து டெபியனுக்குப் போக வேண்டிய பேட்ச்கள், பிறகு ஒரு நிலை வெளியீட்டுத் திருத்தம், அதன் பிறகு விண்ணப்பம். முதல் மூன்றுக்கும் மூன்று மாதம் போதும். விண்ணப்பப் பக்கத்தை மட்டும் இன்றே வரைவாகத் தொடங்கிவிடுங்கள். அந்த உடைப்பைப் பற்றிய பத்தியை எழுத நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும்.